வடக்குக் கூரையில் வெட்டிய துண்டு

ஜூன் 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறது, இறங்கும்போது வலிப்பதில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? புது ஊரில் தங்கும் இடம் வசதியாக இருக்கிறதா?

உங்கள் முகவரியை டிரம் வண்டிக்கார மாமா கொடுத்தார். இரண்டு ஊர்க் கம்பெனிகளுக்கும் அவர்தானே ஃபோம் டிரம் இறக்குகிறார். எங்கள் எண்ணைப் பார்த்தால் நீங்கள் போனை எடுப்பதில்லை என்பதால் கடிதம் எழுதுகிறேன். அம்மாவுக்கு இது தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. பதில் வந்தால் அம்மா தையல் மிஷின் டிராயரில் வைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

விஷயம் இதுதான். பிப்ரவரியில் நீங்களும் அப்பாவும் ஃபோம் அடித்த ஃபர்னிச்சர் கடைக் கூரையில், வடக்குப் பக்கம் முழுவதும் கொப்புளம் கிளம்பியிருக்கிறது. வெயில் ஏறினால் தட்டு அளவுக்கு வீங்குகிறது, மாலையில் அமுங்கிவிடுகிறது. ஒன்று வெடித்து, பெய்த மழை உள்ளே இறங்கி, கீழே ஒரு சோபாவின் மேல் சொட்டியதாம். கம்பெனி மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தப்பு கன் புடிச்சவர் மேலயா, மேல்பூச்சு அடிச்சவர் மேலயான்னு பாத்துடுவோம். யாரா இருந்தாலும் சரி, இனிமே எந்தக் கூரையிலயும் ஏற முடியாது. எல்லாக் கம்பெனிக்கும் எழுதிடுவேன்" என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். ஃபோமைப் பீச்சும் கன்னைப் பிடித்தது அப்பா. மேல்பூச்சு உங்கள் வேலை.

எங்கள் அறிவியல் ஆசிரியைக்கு நான் இப்படி விளக்கினேன்: இரண்டு டிரம்மில் இருக்கும் இரண்டு திரவங்கள் கன்னின் மூக்கில் ஒன்று சேர்ந்து, தளத்தில் விழுந்ததும் பொங்கி, இருபது எண்ணுவதற்குள் இறுகிவிடும். மழையும் சூடும் கட்டடத்துக்குள் இறங்காது. ஆனால் அந்த ஃபோமுக்கு வெயில் ஆகாது. ஒன்றிரண்டு நாளுக்குள் அதன் மேல் வெள்ளைப் பூச்சு அடித்துவிட வேண்டும். சரிதானே?

அப்பா சொல்லச் சொல்லக் கூரை வேலைத் தினக்குறிப்பு நோட்டை எழுதுவது நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அதன்படி வடக்குப் பக்கம் ஃபோம் அடித்தது பிப்ரவரி 11. நீங்கள் ஊரை விட்டுப் போனது 12 காலை. அன்று என்ன நடந்தது? ஏன் என்னிடம்கூடச் சொல்லாமல் போனீர்கள்? உங்கள் பேச்சை எடுத்தால் அப்பா ஏன் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போகிறார்?

நான் யாரையும் சந்தேகப்படவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடவும்.

உங்கள் அண்ணன் மகள்


ஜூன் 24

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மேனேஜர் எழுதும் கடிதத்தைவிடத் திருத்தமாக இருந்தது. நான் சுகம். அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மிஷினை மிதிப்பதைக் கொஞ்சம் குறைக்கச் சொல். சொன்னால் கேட்க மாட்டார், ஆனாலும் சொல்.

இங்கே ஒரு மருந்துக் கிடங்கின் கூரை. பக்கத்தில் கார் நிறுத்தும் இடம் இருப்பதால் காற்று அடித்தால் வேலையை நிறுத்திவிடுகிறோம். போன வாரம் ஒருவர் உறை போட்டு மூடாமல் காரை நிறுத்திவிட்டுப் போய், காரெல்லாம் புள்ளி புள்ளியாக ஃபோம். "அம்மை போட்டிருக்கா என் வண்டிக்கு?" என்று கத்தினார். நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து நாள் முழுவதும் சுரண்டினோம்.

நன்றாகப் படிக்கிறாயா? ஒன்பதாம் வகுப்புக் கணக்கு கஷ்டமா? நோட்டை இன்னும் நீதான் எழுதுகிறாயா?

அப்பாவைத் தொந்தரவு செய்யாதே.

சித்தப்பா


ஜூலை 6

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலமாகவே இருக்கிறோம், உங்கள் நலத்தையும் எதிர்பார்க்கிறோம். ஒத்தடம் கொடுத்தோம். அம்மா, "சொந்தக்காரங்கல்லாம் டாக்டர் ஆயிட்டாங்க" என்றார். ஆனால் வலி குறைந்திருக்கிறது.

நான் மூன்று கேள்வி கேட்டிருந்தேன். நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அது பதில் ஆகாது. ஆனாலும் முறைப்படி: படிக்கிறேன். கஷ்டம் இல்லை. ஆமாம், நோட்டை நான்தான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை மேனேஜர் கூரையை வெட்டிப் பார்த்தார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நானும் மேலே ஏறினேன். கேக்கில் துண்டு எடுப்பதுபோல ஒரு வட்டக் குழாயை அழுத்தித் திருகி ஆறு இடத்தில் எடுத்தார்கள். மேனேஜர் ஒவ்வொரு துண்டின் உயரத்தையும் அளவுகோல் வைத்துப் பார்த்தார். அவர் கூரையை நம்புகிறவர் இல்லை, காகிதத்தை நம்புகிறவர். என் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அப்பா துண்டுகளை வாங்கி, மேல்பக்கம் மேலாக இருக்கும்படி ஒரு தட்டில் வரிசையாக அடுக்கினார். அவர் எப்போதும் ஒழுங்கானவர்தானே.

அளந்த பிறகு அவற்றைக் குப்பைப் பையில் போட்டார்கள். அதிலிருந்து வடக்குத் துண்டு ஒன்றையும் தெற்குத் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். "அது எதுக்கு உனக்கு?" என்று அப்பா இரண்டு முறை கேட்டார். பள்ளிக்கு என்றேன்.

தெற்குத் துண்டு முழுவதும் வெண்ணெய் நிறம். வடக்குத் துண்டில், வெள்ளைப் பூச்சுக்கு நேர் கீழே, ஒரு கோடு. ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறம். வெயிலில் திறந்து கிடந்தால்தான் ஃபோம் அப்படி ஆகும் என்று மேனேஜரே சொன்னார். நோட்டில் வடக்குப் பக்கம் மேல்பூச்சு அடித்த தேதி பிப்ரவரி 16, அடித்தவர் அப்பா. அதாவது ஐந்து நாள் அது வெறுமையாகக் கிடந்திருக்கிறது.

"தம்பி போட்டது போட்டபடி போயிட்டான். நான் ஒத்த ஆளு, என்ன பண்றது?" என்று அப்பா மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் ஏதோ எழுதிக்கொண்டார்.

சித்தப்பா, நான் இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் கோடு என் மேசைமேல் இருக்கிறது. நீங்கள் பூச்சு அடிக்காமல் போனது உண்மையா?

மரியாதையுடன்,
அண்ணன் மகள்


ஆகஸ்ட் 10

அன்பு மகளுக்கு,

சுகமாக இருக்கிறேன். பதில் எழுதத் தாமதம். வேலை அப்படி.

நீ பார்த்தது சரி. நான் பூச்சு அடிக்கவில்லை. ஐந்து நாள் கிடந்ததும் சரியாகத்தான் இருக்கும்.

அண்ணியையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல். அப்பாவிடம் சொல்ல வேண்டாம். அண்ணியிடம் மட்டும் சொல்.

சித்தப்பா


ஆகஸ்ட் 19

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன். உண்மையில் அப்பா சரியாகத் தூங்குவதில்லை. கொப்புளம் தெற்குப் பக்கமும் பரவிவிட்டதா என்று தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். பரவவில்லை.

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது வேறு மாதிரி ஆகிவிட்டது. முப்பத்தைந்து நாள் யோசித்து மூன்றே வரியில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். காரணம் இல்லை. சமாதானம் இல்லை. "அப்பாவையும் கேட்டதாகச் சொல்" என்று எழுதி, அடுத்த வரியிலேயே "சொல்ல வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியை அடித்துவிடலாமே, ஏன் அடிக்கவில்லை?

நேற்று டிரம் வண்டிக்கார மாமா வந்திருந்தார். நீங்கள் சொல்லாததை அவர் சொன்னார். எங்கள் மேனேஜர் உங்கள் கம்பெனிக்கு எழுதிவிட்டாராம். முடிவு தெரியும்வரை உங்களைக் கூரையில் ஏற்றுவதில்லையாம். கிடங்கில் டிரம் எண்ணிக்கொண்டிருக்கிறீர்களாம். வருட முடிவுக்குள் பெயர் சுத்தமாகாவிட்டால் அனுப்பிவிடுவார்களாம். "வேலை அப்படி" என்றால் இதுதானா?

நான் அவரிடம், "சித்தப்பா பூச்சு அடிக்காம போனது நிஜம்தான் மாமா, அவரே எழுதிட்டாரு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "யாரு, உங்க சித்தப்பனா? பெயிண்ட் டப்பா மூடியத் தொடச்சு, தொடச்ச துணியயும் மடிச்சு வைக்கிற ஆளும்மா அவன். அரை வேலையா விட்டுட்டுப் போனான்னா, அந்த வேலையிலயே ஏதோ இருக்குன்னு அர்த்தம்" என்றார். அம்மா உடனே, "டீ ஆறுது, குடிங்க" என்றார். டீயை அப்போதுதான் ஊற்றியிருந்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது.

என்ன இருந்தது சித்தப்பா அந்த வேலையில்?

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

அண்ணன் மகள்


செப்டம்பர் 14

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சுகம்தானே? நான்கு வாரமாகப் பதில் இல்லை. பதிலுக்குக் காத்திராமல் மறுபடி எழுதுகிறேன். இந்த முறை கேள்வியோடு வரவில்லை, கண்டுபிடிப்போடு வருகிறேன்.

இரண்டு துண்டும் என் மேசையில் மேல்பக்கம் மேலாகவே இத்தனை நாள் இருந்தன. அப்பா அடுக்கிவைத்தது போலவே நானும் வைத்திருந்தேன் என்பது நேற்றுத்தான் உறைத்தது. மேசையைத் துடைக்கும்போது வடக்குத் துண்டு உருண்டு தலைகீழாக விழுந்தது.

தெற்குத் துண்டின் அடியில் சிமெண்ட் துகள் கரகரவென்று ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. தளத்தோடு அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்திருக்கிறது. வடக்குத் துண்டின் அடி வழவழவென்று இருக்கிறது. ஒரு துகள் இல்லை. சின்னச் சின்னக் குழிகள், சோப்பு நுரை காய்ந்தது போல.

நான் ஆசிரியையிடம் கேட்டேன். ஃபோமின் இரண்டு திரவங்களில் ஒன்று தண்ணீரைத் தொட்டால் தானாகவே நுரைக்கும், தளத்தைப் பிடிக்காது என்றார். பிடிக்காத இடத்தில் தங்கிய ஈரம் வெயிலில் ஆவியாகும். ஆவி போக வழியில்லாமல் ஃபோமைத் தூக்கும். கொப்புளம் அதுதான். மேலே இருக்கும் ஆரஞ்சுக் கோட்டுக்கும் கொப்புளத்துக்கும் தொடர்பே இல்லை. பூச்சைக் குற்றம் சொல்ல எல்லோரும் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் பிப்ரவரி 11 அன்று தளம் ஈரமாக இருந்திருக்கிறது. ஆனால் நோட்டில் அன்றைய பக்கத்தின் கடைசி வரி இது: "தளம் உலர்ந்திருந்தது. பிளாஸ்டிக் தாள் சோதனை சரி." முதல் நாள் மாலையே தளத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைத்து, காலையில் தூக்கி, அடியில் நீர்த்துளி இருக்கிறதா என்று பார்ப்பீர்களே, அந்தச் சோதனை. கீழே அப்பாவின் கையெழுத்து.

சித்தப்பா, அப்பா பொய் சொல்லி என்னை எழுதவைத்தாரா?

இந்த வரியை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

அண்ணன் மகள்


செப்டம்பர் 18

அன்பு மகளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

அந்தத் துண்டுகளைத் தூக்கிக் குப்பையில் போடு. பாடப் புத்தகத்தை எடு. கூரை விஷயம் கூரை ஏறுகிறவர்களோடு போகட்டும். யாரிடமும் அடிப்பக்கத்தைக் காட்டாதே. முக்கியமாக மேனேஜரிடம்.

உன் அப்பா உன்னிடம் பொய் சொல்லி எழுதவைக்கவில்லை. அதை மட்டும் நம்பு.

இனி இதைப் பற்றி எழுதினால் நான் பதில் போட மாட்டேன்.

சித்தப்பா


அக்டோபர் 3

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் பதில் போட வேண்டாம். ஆனால் படியுங்கள்.

ஆகஸ்ட் கடிதத்துக்கு நான்கு வாரமாகியும் பதில் இல்லை. செப்டம்பர் கடிதத்துக்கு நான்கே நாளில் பதில் எழுதிவிட்டீர்கள். உங்களை அவசரப்படுத்தியது அந்த ஒரு கேள்விதான் என்று புரிந்துகொண்டேன். அப்பா பொய் சொல்லவில்லை, ஆனால் நோட்டில் பொய் இருக்கிறது. அப்படியென்றால் யார் எழுதியது? எனக்கு அப்பாவின் மேல், உங்கள் மேல், அம்மாவின் மேல்கூடச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரே ஒரு ஆளின் மேல்தான் வரவில்லை.

அப்பாவிடமே கேட்டேன். சாப்பிட்டுவிட்டு வேலைச் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பதினொண்ணாம் தேதி தளம் காஞ்சிருந்துதுன்னு நீங்க சொன்னீங்களா?"

"நோட்டுல என்ன இருக்கு?"

"காஞ்சிருந்துதுன்னு இருக்கு."

"யாரு எழுத்து?"

"என் எழுத்துதான். ஆனா நீங்க சொன்னதத்தான எழுதினேன்?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "நீதான எழுதின" என்றார். செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். இதை எப்படி இத்தனை நாள் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை. அந்த வாரத்து ஐந்து பக்கத்திலும் எண்கள் எல்லாம் நீலம். தினமும் மாலையில் அப்பா சொல்லச் சொல்ல எழுதியவை: வெப்பம், காற்றின் ஈரப்பதம், கனம், டிரம் எண். ஆனால் ஐந்து பக்கத்திலும் கடைசி வரி மட்டும் கருப்பு. அந்த வாரம் எனக்குத் தேர்வு. ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து, ஐந்து நாளுக்கும் கடைசி வரியை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டேன். தினமும் அதேதானே சொல்கிறார், நேரம் மிச்சம் என்று.

தளம் ஈரமாவதற்கு முன்பே நான் அது உலர்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறேன். என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

அன்று மாலை இப்போது நினைவுக்கு வருகிறது. அப்பா எண்களைச் சொல்லி முடித்துவிட்டு, ஏதோ சொல்ல வருவது போல நின்றார். "அவ்வளவுதானே அப்பா?" என்று கேட்டுப் பக்கத்தைத் திருப்பி நீட்டினேன். படித்தார். கையெழுத்துப் போட்டார்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டு ஊசிக்கு நூல் கோர்த்தார். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

"எனக்குத் தெரியும்டி. மறுநாள் காலையில வாசல்ல நின்னு உங்க சித்தப்பா கெஞ்சினாரு. 'அண்ணா, பிச்சுப் போட்டுட்டு மறுபடி அடிப்போம். அந்த ஃபோம் மேல நான் பூச்சு போட மாட்டேன்'னு. இவரு கதவச் சாத்திட்டாரு. எதுக்குடி தோண்டுற? தோண்டினா நம்ம வீடுதான் சரியும்."

"சித்தப்பா வீடு சரியலாமா அம்மா?"

அம்மா மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

நாளை மறுநாள் பள்ளி முடிந்ததும் கம்பெனி அலுவலகத்துக்குப் போகிறேன். கருப்பு மையையும் துண்டின் அடிப்பக்கத்தையும் மேனேஜரிடம் காட்டுவேன். அப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவர் போகாதே என்று சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன் மகள்


அக்டோபர் 8

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் நலம் கேட்டு எழுதுகிறேன். என் நலத்தைப் பற்றி எனக்கே தெரியவில்லை.

அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச். அதன் மேல் அப்பாவின் மஞ்சள் தலைக்கவசம். எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மேனேஜரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. கண்ணாடியில் இரண்டு உருவம் தெரிந்தது, பேச்சுக் கேட்கவில்லை. அப்பா எழுந்து நிற்பதும், உட்கார்வதும், மறுபடி நிற்பதும் தெரிந்தது.

சித்தப்பா, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் என்ன நினைத்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு முந்திக்கொண்டு வந்து, "பொண்ணு சின்னப் பொண்ணு, கத புஸ்தகம் படிச்சுட்டு ஏதாவது உளறுவா, கண்டுக்காதீங்க" என்று சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த வாக்கியத்தை அப்பாவின் குரலிலேயே என்னால் கேட்க முடிந்தது.

கதவு திறந்தது. அப்பா என்னைத் தாண்டிப் போனார், நிற்கவில்லை. தலைக்கவசத்தை எடுக்க மறந்துவிட்டார். நான் நோட்டையும் துண்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். மேனேஜர் வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அதெல்லாம் பையில வைம்மா. வீட்டுக்குப் போ. உங்கப்பா சொல்லிட்டாரு."

"என்ன சார் சொன்னாரு?"

"சொல்ல வேண்டியத."

"எத சார்?"

"ஏம்மா, நீ என்ன போலீஸா?" என்றார். ஆனால் குரலில் கோபம் இல்லை. பிறகு நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

அப்பா வீட்டில் எதுவும் பேசுவதில்லை. தலைக்கவசத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஆணியில் மாட்டினார். மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. என்ன சொன்னார் என்று நான் கேட்கவும் இல்லை. கேட்டால் அவர் சொல்வதை நம்புவேனா என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது.

உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுவீர்களா?

அண்ணன் மகள்


அக்டோபர் 27

என் அன்பு மகளுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். இந்த முறை நிஜமாகவே. இரண்டு நாளாக மறுபடி கூரையில் இருக்கிறேன். கை ரோலரை மறக்கவில்லை, இடுப்புதான் மறந்துவிட்டது.

எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். உங்கள் மேனேஜர் எழுதியது. அதோடு உன் அப்பா வாக்குமூலம் மாதிரி சொன்னதை டைப் அடித்து, கீழே அவர் கையெழுத்து. அவர் பெயரை எழுதும்போது கடைசி எழுத்து மேலே போகுமே, அதே மாதிரி போயிருக்கிறது. அதிலிருந்து உனக்காகப் பார்த்து எழுதுகிறேன்:

"வடக்குத் தளத்தில் ஈரம் இருந்தது. தாளைத் தூக்கிப் பார்த்தது நான். தெரிந்துதான் அடித்தேன். தம்பி வேண்டாம் என்றான். நோட்டில் இருக்கும் வரியைப் பிள்ளை பழக்கத்தில் எழுதியது. நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பிள்ளையை எதுவும் கேட்க வேண்டாம்."

அன்று காலை நடந்ததை இப்போது சொல்லலாம். தாளைத் தூக்கினால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். கடை திறப்பதற்கு ஒரு வாரம்தான் இருந்தது. அண்ணன் தாளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, "வெயில் வந்தா காஞ்சிடும்" என்றார். "வெயில் வர்றவரைக்கும் நிப்போம்ணா" என்றேன். "கன் யாரு கையில இருக்கு?" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. மறுநாள் காலை வீட்டுக்கு வந்து பேசினேன். கதவு சாத்திய பிறகு பேச என்ன இருக்கிறது?

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். ஆகஸ்டில் உங்கள் மேனேஜர் எங்களுக்கு எழுதியபோது, நோட்டின் அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்துக் கடிதத்தோடு அனுப்பியிருந்தார். குண்டு குண்டாக உன் எழுத்து. நான் அது பொய் என்று சொன்னால், முதலில் கூப்பிட்டுக் கேட்பது உன்னை. நீ அப்பாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நீயே பொய் சொன்னதாக ஆக வேண்டும். டிரம் எண்ணுவது அதைவிட லேசு என்று நினைத்தேன்.

நீ என்னையும் சந்தேகப்பட்டாய், அப்பாவையும் சந்தேகப்பட்டாய். பரவாயில்லை. இரண்டு பேரையும் சந்தேகப்படக் காரணம் இருந்தது.

அப்பா வேலைக்குப் போகிறாரா? கன்னை வாங்கிக்கொண்டார்களா? அண்ணி எப்படி இருக்கிறார்?

சித்தப்பா


நவம்பர் 12

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். தையல் மிஷின் டிராயரில் இருந்த மற்ற கடிதங்களையும் அம்மாவே எடுத்துக் கொடுத்துவிட்டார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து இன்று, "அவனுக்கு ஒரு லெட்டர் எழுதணும், உக்காரு" என்றார். கீழே இருப்பது அப்பா சொன்னது.

"வடக்குப் பக்கம் முழுக்கச் சுரண்டி எடுத்தாச்சு. நான்தான் எடுத்தேன். பன்னண்டு நாள் ஆச்சு. எடுக்கும்போது பாயச் சுருட்டுற மாதிரி வந்துச்சு, ஒரு இடத்துலகூடப் பிடிக்கல. கன் இப்ப வேற ஆள் கையில. நான் அவனுக்கு ஹோஸ் இழுக்கிறேன். தாளத் தூக்கிப் பாக்கிற வேலையும் என்னுதுதான், மேனேஜரே குடுத்தாரு. போன வாரம் தளம் காயல. நிறுத்தச் சொன்னேன். அவன் மூஞ்சியத் தூக்கினான். நிறுத்திட்டான்."

இந்த இடத்தில் அப்பா, "போதும். மத்தத வழக்கமா எழுதுவல்ல, அத எழுதி முடிச்சிடு" என்றார்.

"எதப்பா?"

"எல்லாரும் சொகம், அங்க சொகமான்னு. எல்லா லெட்டர்லயும் இருக்கிறதுதான. உனக்குத் தெரியாததா?"

"நீங்க சொன்னாத்தான்ப்பா எழுதுவேன்."

அம்மா மிஷினை நிறுத்திவிட்டார். அப்பா என் பேனாவைப் பார்த்தார், பிறகு காகிதத்தில் மிச்சம் இருந்த இடத்தைப் பார்த்தார். வெகு நேரம் ஆனது. நான் எதையும் நானாக எழுதவில்லை.

"நல்லா இருக்கானான்னு கேளு" என்றார். பிறகு, "இல்ல, அப்படி எழுதாத. அவனையே கேக்கிற மாதிரி எழுது."

நல்லா இருக்கியாடா?

அப்பா கேட்கிறார்.